தொட்டித் தண்ணீரின் வாடை

ஒரு மனிதனின் மணிக்கட்டில் எவ்வளவு அழுக்கு சேரும் என்பது கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தவர்களுக்குத்தான் தெரியும். வியர்வை, செத்த தோல், சோப்பு, முகப்பவுடர் எல்லாம் கலந்து மூடியின் ஓரத்தில் கறுப்புப் பசையாக அப்பிக்கொண்டிருக்கும். மரக்குச்சியால் சுரண்டினால் சுருள் சுருளாக உதிரும். இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வந்து நிற்பவரின் கடிகாரத்திலும் அதே பசைதான். சின்னவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவாள். குச்சியைப் பிடித்த விரலால் சோற்றைப் பிசைய அவளால் முடியவில்லை.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். அந்தப் பெயர் வேலை செய்யும் இடத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அவளுடைய அத்தான். அக்காவின் புருஷனான அவர்தான் ஒரு கடிகாரக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரை நடத்தும் மேலாளர். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. வீட்டில் அவளுக்கு அத்தான், அங்கே சார். அவர் மட்டும் இரண்டு இடத்திலும் “சின்னவளே” என்றுதான் கூப்பிடுவார். நாளடைவில் கவுண்டரில் உட்காரும் பெண்ணிலிருந்து பார்சல் கொண்டுவருபவர்வரை எல்லாருக்கும் அவள் சின்னக்கா ஆகிவிட்டாள்.

சர்வீஸ் சென்டர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் கண்ணாடிக் கவுண்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் சின்னவள் உட்காரும் மேசையும் அதன்மேல் வளைகழுத்து விளக்கும். பின்னால் அத்தானின் அறை. அந்த அறையின் ஜன்னல் பலகைமேல்தான் தொட்டி இருந்தது.

தொட்டி என்று அவர்கள் சொன்னாலும் அது தடித்த பிளாஸ்டிக்கில் செய்த உருளை. பார்த்தால் பெரிய மிட்டாய் ஜாடி மாதிரி இருக்கும். கடிகாரம் தண்ணீரைத் தாங்குமா என்று பார்க்கும் கருவி அது. பாதிவரை தண்ணீர். கடிகாரத்தைக் கொக்கியில் மாட்டித் தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கவிட்டு, மூடியை இறுக்கி, கைப்பிடியை அடித்துக் காற்றை ஏற்ற வேண்டும். கடிகாரத்தில் எங்காவது இடுக்கு இருந்தால் அழுத்தத்தில் காற்று உள்ளே நுழைந்துவிடும். பிறகு கடிகாரத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, ஏற்றிய காற்றை மெல்லத் திறந்துவிட வேண்டும். வெளியே அழுத்தம் குறையக் குறைய, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வந்த வழியே குமிழி குமிழியாகக் கிளம்பும். குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கே கோளாறு. கண்ணில் பட்ட கணமே கடிகாரத்தைத் தண்ணீரைவிட்டு மேலே தூக்கிவிட வேண்டும். இந்த வரிசையில் செய்தால் ஓட்டைக் கடிகாரத்துக்குள்ளும் தண்ணீர் போகாது.

கையால் செய்யும் வேலையிலேயே அவளுக்குப் பிடித்தது இது ஒன்றுதான். அழுக்கைத் தொட வேண்டாம், குமிழியை மட்டும் பார்த்தால் போதும்.

பிடிக்காதது கவுண்டரில் பேசுவது. “அம்பது மீட்டர்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி உள்ள தண்ணி போச்சு?” என்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அவளும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். ஐம்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, அந்த அழுத்தத்தைக் கடிகாரம் புதிதாக இருந்தபோது, அசையாத தண்ணீரில் தாங்கியது என்றுதான் அதற்கு அர்த்தம். உள்ளே தண்ணீரைத் தடுப்பது மயிரிழை போன்ற ரப்பர் வளையங்கள். சோப்பும் வெந்நீரும் வியர்வையும் பட்டுப்பட்டு அவை காய்ந்து இறுகிவிடும். வெந்நீரில் குளித்துவிட்டு உடனே பச்சைத் தண்ணீரில் கைவிட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஈரத்தை உள்ளே இழுக்கும். மணி சரி செய்துவிட்டு, கடிகாரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சாவியை உள்ளே அழுத்த மறந்துவிட்டால், முகம் கழுவும் தண்ணீரே போதும், ஐம்பது மீட்டரும் வேண்டாம், அரை மீட்டரும் வேண்டாம்.

“அப்ப எதுக்குங்க அம்பதுன்னு போடறீங்க?”

ஏன் போடுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். வாங்குகிற நேரத்தில் அந்த எண் பார்க்க நன்றாக இருக்கிறது. அவள் மேசைக்குத் திரும்பி அடுத்த கடிகாரத்தை எடுத்துக்கொள்வாள்.

தொட்டியில் இருந்தது குழாய்த் தண்ணீர் இல்லை. குழாய்த் தண்ணீரின் உப்பு கடிகாரத்தில் வெள்ளையாகப் படியும் என்பதால், காய்ச்சி வடித்த தண்ணீரைக் கேனில் வாங்கி அத்தான் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். தொட்டித் தண்ணீரை மாற்றச் சொன்னால் ஒரே பதில்தான். “குடிக்கவா போறோம்?” மாதக்கணக்கில் அதே தண்ணீர். கையழுக்கும் எண்ணெயும் சேர்ந்து உருளையின் உள்சுவரில் பச்சையாக வழுவழுப்பு படிந்திருந்தது. மூடியைத் திறந்தால் பூச்சாடியில் நாள்பட்ட தண்ணீரின் வாடை. அதோடு ஈரத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டது போன்ற வாடையும் சேர்ந்து வரும். சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் மூடியைத் திருகுவாள்.

அவளுடைய மூக்கு அப்படி. திறந்த கடிகாரத்துக்குள் தண்ணீர் இருந்தால் அது எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். நீச்சல்குளத்துத் தண்ணீர் என்றால் குளோரின் மூக்கில் ஏறும். கடலென்றால் துருவோடு சேர்ந்து மீன்வாடை. குளியலறை என்றால் சோப்பு. அவளுக்கு அது பெருமையாக இல்லை, தொல்லையாகத்தான் இருந்தது. பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதுவரை தெரிந்துவிடுவதில் என்ன பெருமை?

ஒருநாள் ஒரு நர்சின் கடிகாரம் அவள் மேசைக்கு வந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாமல் நின்றுபோன கடிகாரம். சர்வீசுக்கு வருபவை முதலில் அத்தானிடம் போகும். அவர் பார்த்துவிட்டு அவளிடம் அனுப்புவார். “உள்ள தண்ணி இருக்கான்னு திறந்து பாரு” என்று கொடுத்தனுப்பியிருந்தார். திறந்தாள். தண்ணீர் இருந்தது. டயலின் கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். மருந்து வாடையோ சோப்பு வாடையோ இல்லை. பூச்சாடி வாடை.

முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். நாள் முழுக்க அந்தத் தொட்டியோடு மாரடித்தால் மூக்குக்குள்ளேயே அந்த நாற்றம் குடியேறிவிடும் அல்லவா? கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள். அதே வாடை. தான் சோதிக்கும்போது தவறுதலாகத் தண்ணீரை விட்டுவிட்டோமோ என்று யோசித்தாள். அந்தக் கடிகாரத்தை அவள் தொட்டியில் போடவே இல்லை. “தண்ணி இருக்கு சார்” என்று மட்டும் சொல்லிவிட்டாள். தண்ணீர் போன கடிகாரத்துக்கு வாரண்டி கிடையாது. நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்து வந்தது ஒரு பெயிண்டரின் கடிகாரம். வெள்ளை டயல், பார்க்க அடக்கமான அழகு. அதையும் அத்தான் அதே வார்த்தையோடு கொடுத்தனுப்பினார். மூடியைத் திறந்ததும் சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே பூச்சாடி.

மறுநாள் பெயிண்டர் வந்தார். இடது கை முழங்கைவரை மாவுக்கட்டு. அதைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டிருந்தார்.

“உள்ள தண்ணி போயிருக்குங்க. தண்ணி போனா கம்பெனி பொறுப்பேத்துக்காது,” என்றார் அத்தான்.

“எப்படிங்க போகும்?”

“கை கழுவுவீங்க, குளிப்பீங்க. வாட்ச்ச கழட்டியிருக்க மாட்டீங்க.”

பெயிண்டர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தார். “என் பொண்ணு வாங்கிக் கொடுத்த வாட்ச்சு. வாங்கின மறுநாளே ஏணியிலருந்து விழுந்துட்டேன். இந்தக் கையில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நானே ஒழுங்கா குளிச்சு நாளாச்சு. வாட்ச்சு மட்டும் எப்படிங்க குளிக்கும்?”

காத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அத்தான் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னொரு கை இருக்கில்ல.”

“வலது கையில யாரு வாட்ச்சு கட்டுவாங்க? அது டப்பாவுலயேதான் இருந்துச்சு. டப்பாவுலயே நின்னும் போச்சு.”

“டப்பாவை பாத்ரூம் பக்கம் வெச்சிருப்பீங்க. ஆவி போயிருக்கும்,” என்று நாக்கூசாமல் சொன்ன அத்தான், உள்ளே திரும்பி, “நீயே வந்து சொல்லும்மா. இவங்கதான் திறந்து பாத்தாங்க. உள்ள தண்ணி இருக்கா இல்லையா?” என்றார்.

சின்னவள் எழுந்து வந்தாள். பெயிண்டர் அவளைப் பார்த்தார். இவளாவது நியாயம் சொல்வாள் என்பது போன்ற பார்வை.

“இருக்கு,” என்றாள்.

அது பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டிக்கொள்ளவாவது முடிந்திருக்கும். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லி, அந்த ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருந்தாள். பெயிண்டர் ஒற்றைக் கையால் கைக்குட்டையை விரித்து, கடிகாரத்தை வைத்து மடிக்கத் திணறினார். கவுண்டர் பெண் மடித்துக் கொடுத்தாள். அவர் யாரையும் பார்க்காமல் வெளியேறினார். சின்னவள் கழிவறைக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள். வாயில் எதுவும் இல்லை. இருந்தும் துப்ப வேண்டியிருந்தது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சோதனையின் வரிசையைத் தலைகீழாக்கினால் போதும். சாவியை ஒரு இழுப்பு வெளியே இழுத்து வைத்து, கடிகாரத்தை முதலிலேயே தண்ணீருக்குள் மூழ்கடித்து, பிறகு காற்றை ஏற்றினால், அழுத்தம் தண்ணீரையே உள்ளே தள்ளிவிடும். எவ்வளவு நல்ல கடிகாரமாக இருந்தாலும் குடித்துத்தான் ஆக வேண்டும். செய்வது யார் என்பதும் தெரிந்த மாதிரிதான். தொட்டி இருந்தது அத்தானின் அறையில். ஆனால் தெரிந்த மாதிரி இருப்பது வேறு, தெரிவது வேறு. அக்கா புருஷன்மேல் வெறும் வாடையை வைத்துக்கொண்டு பழி போட முடியுமா? “உன் மூக்குக்கு எல்லாமே நாத்தம்தான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் அவள் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“சார், தொட்டித் தண்ணி கலங்கிப்போய் குமிழியே தெரிய மாட்டேங்குது. தண்ணியை மாத்தத்தான் விட மாட்டீங்க, கொஞ்சம் நீலமாவது போட்டுக்கட்டுமா? குமிழி பளிச்சுன்னு தெரியும்.”

அத்தான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “போட்டுக்கோ. நல்ல யோசனைதான்,” என்றார்.

அவர் கண்ணெதிரிலேயே ஊற்றினாள். பச்சையாகக் கலங்கியிருந்த தண்ணீரில் நீலம் சுருண்டு இறங்கி, ஏதோ மருந்துபோல ஆனது. அவர் யோசித்திருந்தால் அங்கேயே தடுத்திருக்கலாம். ஆனால் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்ட ஆளுக்கு யோசிக்க என்ன அவசியம்?

சில நாள் கழித்து மூன்று கடிகாரங்களை ஒன்றாக அனுப்பினார். “திறந்து பாரு.” முதல் மூடியைத் திறந்து, டயலைத் திருப்பினாள். வெள்ளை டயலின் ஓரம் முழுக்க, புதிதாக நீலம் போட்ட வேட்டியின் மடிப்புபோல, வெளிர்நீலக் கோடு. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் திறக்கவில்லை.

தெரிந்ததுதானே என்று நினைத்தாள். இருந்தும் மூடிகளை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டாள். ஓரகத்தி, நாத்தனார் என்று யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர் இல்லை. அவளுடைய கல்யாணத்தில் பந்தி பரிமாறிய மனிதர். அவளுக்குப் பிரசவமானபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தவர். அந்தக் கைதான் இந்த வேலையையும் செய்திருக்கிறது.

அறைக்குள் போனாள். அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், தண்ணி நீலமா இருக்கு.”

“நீதானே போட்ட?”

“தொட்டித் தண்ணிய சொல்லல. வாட்ச்சுக்குள்ள இருக்கிற தண்ணி.”

பிஸ்கட் ஊறி டீக்குள் விழுந்தது. அவர் அதை ஸ்பூனால் வழித்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். பயப்படுவார், கத்துவார், இல்லை என்று சாதிப்பார் என்றெல்லாம் சின்னவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் சிரித்தார்.

“கெட்டிக்காரிதான் நீ. கதவைச் சாத்திட்டு உக்காரு.”

அவள் சாத்தவில்லை, உட்காரவும் இல்லை. அவரே எழுந்து கதவைச் சாத்தினார்.

“இதோ பாரு. இப்ப வந்திருக்கிற மாடல்ல மெஷினே சரியில்ல. தானா நின்னுபோகுது. கம்பெனிக்கும் அது தெரியும். மாத்திக் கொடுன்னும் சொல்ல மாட்டான், கொடுக்காதேன்னும் சொல்ல மாட்டான். ஆனா நிறைய மாத்திக் கொடுத்தா, உன் சென்டர்ல மட்டும் ஏன் இவ்வளவுன்னு என் கழுத்தைப் பிடிப்பான். தண்ணி போச்சுன்னா யாரு கழுத்தையும் யாரும் பிடிக்க மாட்டாங்க. வந்தவனும் தன்னையே நொந்துக்கிட்டுப் போயிடுவான்.”

“அந்தப் பெயிண்டர் நொந்துக்கலையே சார்.”

“ஒருத்தர் ரெண்டு பேரு அப்படித்தான் இருப்பாங்க.”

“அதுக்கு என்னை எதுக்குத் திறக்கச் சொன்னீங்க? நீங்களே திறந்திருக்கலாமே.”

“நான் சொன்னா நம்புவானா? உன் மூஞ்சியில பொய்யே இல்ல. நீ சொன்னா நம்புவான்.” இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைத் திறந்து, ஒரு கேனை அவள் காலருகே நகர்த்தினார். “இனிமே நீலம் கீலம் எல்லாம் வேண்டாம். புதுத் தண்ணி ஊத்திக்கோ. ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தியே.”

சின்னவள் கேனைப் பார்த்தாள். அவர் செய்ததைவிட அவர் கொடுத்த இந்தக் கேன்தான் அவளுக்கு அதிகம் குமட்டியது. கால்கூட அதில் படக்கூடாது என்பதுபோலத் தள்ளி நின்று கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் உடனே சொல்லிவிட மாட்டார். தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“உங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்காதுங்க. தெரிஞ்சா சும்மா விட மாட்டா.”

“கேட்டுட்டு முடிவு பண்ணு,” என்றார்.

கேட்கப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் அவர்களே வந்தார்கள். அக்கா கையில் பழப்பை. அத்தான் ஒன்றுமே நடக்காதது போலக் கூடத்தில் உட்கார்ந்து சகலையோடு லிஃப்ட் கதை பேசினார். சாப்பிடும்போது, “உன் கைப்பக்குவம் உங்க அக்காவுக்கு வராது,” என்று சொல்லி இரண்டாம் தரம் குழம்பு கேட்டார். விரலை நக்கினார். சின்னவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். அக்கா பின்னாலேயே வந்தாள்.

“எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?”

“அத்தான் அங்க என்ன பண்றாருன்னு உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாம என்ன? வீட்டுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒருத்தன் கையில கட்டோட வந்து, நானே குளிக்கல, வாட்ச்சு எப்படிக் குளிக்கும்னு கேட்டானாமே.” சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னவள் அக்காவின் வாயையே பார்த்தாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். தங்கையின் தட்டில் பல்லி எச்சம் விழுந்தபோது அதைத் தள்ளிவிட்டு, தன் தட்டுச் சோற்றைக் கொடுத்தவள். இப்போது அந்தப் பெயிண்டரின் குரலிலேயே பேசிக் காட்டுகிறாள்.

“உனக்கு அருவருப்பா இல்லையாக்கா?”

அக்காவின் சிரிப்பு நின்றது. “உனக்கு எதுதான் அருவருப்பா இல்ல? சின்னதிலருந்தே அப்படித்தான். அவரு யாரோட குடியையும் கெடுக்கல. ஒரு வாட்ச்சு. அதுல என்ன ஆயிடும்? நீ உக்காந்திருக்கிற ஸ்டூலே அவரு போட்டது, மறந்துடாத.”

“அதான்க்கா. அதுல உக்காரவே கூசுது.”

அக்கா பழப்பையைக்கூட எடுத்து வைக்காமல் கூடத்துக்குப் போய், “கிளம்புங்க,” என்றாள். அத்தான் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் சின்னவள் வேலைக்குப் போகவில்லை. கவுண்டர் பெண்ணிடம் கேட்டு, பெயிண்டரின் தெருவைத் தெரிந்துகொண்டு போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையும் அடுப்படியும். வாசலில் காய்ந்த பிரஷ்கள் டப்பாவுக்குள் விறைத்து நின்றன. பெயிண்டர் கட்டுக்குள் ஒரு பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். மகள் அலுவலகம் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சின்னவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, சாவி, நீலம், தான் சொன்ன அந்த ஒரு வார்த்தை.

“அன்னைக்கே ஏன் சொல்லல?” என்று மகள் கேட்டாள். சீப்பு கையிலேயே இருந்தது.

“அன்னைக்கு வாடை மட்டும்தாம்மா தெரிஞ்சுது. அதை வெச்சு என்ன சொல்றதுன்னு தெரியல.”

“எங்கப்பா பொய் சொல்றார்னு நான் நினைச்சேன். எங்கயோ போட்டு நனைச்சுட்டு, எனக்குப் பயந்துக்கிட்டு மறைக்கிறார்னு. அன்னைக்கப்புறம் ரெண்டு நாள் அவர்கூடப் பேசவே இல்ல.”

பெயிண்டர் சொறிவதை நிறுத்தினார். “உக்காரும்மா,” என்று சின்னவளிடம் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். அவர் நீட்டிய தண்ணீரையும் வாங்கிக் குடித்தாள்.

மகள் சும்மா இருக்கும் ரகம் இல்லை. சென்டரில் போய்ச் சத்தம் போட்டுப் பயனில்லை என்று கம்பெனியின் மேலிடத்துக்கே போன் போட்டு, ஆள் மாற்றி ஆள் மாற்றிப் பேசி, கடைசியில் ஒரு அதிகாரியை நேரில் வரவழைத்துவிட்டாள். சின்னவள் தான் பார்த்ததை அவர் முன்னால் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்த அன்று சென்டர் முழுக்க செண்டு மணத்தது. சின்னவள் சொன்னதை அவர் தலையாட்டிக் கேட்டார். அவள் எடுத்து வைத்திருந்த, நீலக் கறை படிந்த டயல்களைப் பார்த்தார். பிறகு தொட்டி அருகே போய், மூடியைத் திருகினார். திருகியவர் இரண்டடி பின்வாங்கிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

“என்னங்க இது? இவ்வளவு நாள் இதுலயா டெஸ்ட் பண்ணிட்டிருந்தீங்க? கம்பெனியோட சுத்தம் என்ன, பேரு என்ன? இப்படியா வெச்சிருப்பீங்க?”

அத்தான் தலைகுனிந்து நின்றார். நீலத்துக்குக் குனியாத தலை, நாற்றத்துக்குக் குனிந்தது. ஏமாற்றப்பட்டவர்களைப் பற்றி அதிகாரி ஏதாவது சொல்வார் என்று சின்னவள் காத்திருந்தாள். அவர் தொட்டியை எப்படிக் கழுவ வேண்டும் என்றுதான் பேசிக்கொண்டே போனார்.

“சார், இந்த மாதிரி தண்ணி போச்சுன்னு அனுப்பின மத்தவங்களையும் கூப்பிடணும்,” என்று அவளே இடையில் புகுந்து சொன்னாள். “ஒரு நர்ஸ் இருக்காங்க. இன்னும் எவ்வளவோ பேரு.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “அவங்க யாரும் கேக்கலையேம்மா. கேக்காதவங்களை நாமளா போய் ஏன் கிளறணும்? இந்தப் பெயிண்டருக்குப் புது வாட்ச்சு கொடுத்துடுவோம். நீங்களும் இதை வெளியில பேசிட்டிருக்க வேண்டாம். நல்லா நடத்தத் தெரிஞ்சவங்க நீங்க. இந்த சென்டரை நீங்களே பாத்துக்கலாமே.”

அத்தானின் நாற்காலியைக் காட்டினார். சுழலும் நாற்காலி, தலை படும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அதில் உட்காருவதை நினைத்ததுமே சின்னவளுக்கு முதுகு கூசியது. அந்த இடத்திலேயே வேலையை விட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பாள். ஆனால் அப்படிப் போனால் நாளைக்கு வேறொருவர் அதே ஜன்னல் பலகையில், அதே கதவைச் சாத்திக்கொண்டு, அதே வேலையைச் செய்வார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

“நாற்காலி வேண்டாம் சார். தொட்டியை எடுத்து கவுண்டர்மேல வைங்க. வந்தவங்க முன்னாடியே திறக்கணும், அவங்க முன்னாடியே டெஸ்ட் பண்ணணும். அப்படின்னா நான் இருக்கேன்.”

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “அட, இது நல்லா இருக்கே,” என்றார்.

எவ்வளவு நன்றாக இருந்தது என்பது அடுத்த மாதம் தெரிந்தது. கவுண்டருக்கு மேலே ஒரு பெரிய படம் மாட்டினார்கள். புதிய தொட்டி, தெளிந்த தண்ணீர், அதில் கடிகாரத்தை இறக்கும் ஒரு பெண்ணின் கை. ‘உங்கள் கண் முன்னே, உங்கள் நம்பிக்கை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கை சின்னவளுடையதுதான். ஒரு போட்டோக்காரர் வந்து, நகத்துக்குச் சாயம் பூசச் சொல்லி எடுத்துக்கொண்டு போயிருந்தார். அந்தப் படத்துக்குக் கீழே நின்று வேலை செய்யும்போதெல்லாம் அவளுக்குத் தன் கையையே யாரோ சுரண்டி எடுத்து ஒட்டிவைத்ததுபோல இருக்கும். அண்ணாந்து பார்ப்பதில்லை.

நர்சை அவளே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. வேறு சிலரைத் தேடிப் பிடித்தாள். இரண்டு பேர் கம்பெனியிடம் பதிலுக்குப் புதுக் கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், பழையதை அன்றைக்கே சாக்கடையில் வீசிவிட்டதாகச் சொல்லி அவளைத் திட்டி அனுப்பினார். அந்தத் திட்டு அவளுக்கு நியாயமாகவே பட்டது.

அத்தானை வேலையைவிட்டு எடுக்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் பெரிய பதவி. அனுபவசாலியாம். அக்கா சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. அம்மா வழியாகத்தான் சேதி வந்தது.

ஓராண்டுக்கு மேல் பேச்சில்லை. பிறகு ஒருநாள் மதியம், கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில், அக்காவே போன் செய்தாள். பொதுவாகப் பேசினாள். வீடு பெரியது, வெயில் அதிகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது. சின்னவளும் பொதுவாகவே பதில் சொன்னாள். அக்காவின் குரலைக் கேட்டதில் அவளுக்கு உள்ளூர இதமாகத்தான் இருந்தது.

“அவரும் நல்லா இருக்காரு,” என்றாள் அக்கா. “அவருகிட்ட இருபது பேரு படிக்கிறாங்க. சார் சார்னு உயிரையே விடறாங்க. எல்லாம் இவரு சொல்லிக் கொடுக்கிறதுதான்.”

“என்னக்கா சொல்லிக் கொடுக்கிறாரு?”

சின்னவள் காத்திருந்தாள். பிறகு அக்கா போனை வைத்துவிட்டாள். கவுண்டருக்கு ஒரு வயதான தம்பதி வந்து, கைப்பையிலிருந்து ஒரு கடிகாரத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர்களைத் தொட்டிக்கு நேரே வந்து நிற்கச் சொன்னாள்.